பாட்டில் சொல்லாததைப் படத்தில் சொன்னவர்: துருக்கிப் பாடகர் மஹ்சுன் கிர்மிசிகுலின் கலைப்பயணம்

பாடகர் சினிமாவுக்கு வருவது தமிழர்களாகிய நமக்கு ஒரு அதிசயமே இல்லை. பாகவதர், கிட்டப்பா காலத்தில் பாடத் தெரியாதவருக்குத்தான் சினிமாவிலும் நாடகத்திலும் இடம் கிடையாது. ஆனால் பாட்டிலேயே பேரும் புகழும் வந்து குவிந்த ஒருவர், நாற்பதை நெருங்கும் வயதில் காமிராவுக்குப் பின்னால் போய் நின்று, "கதை நான்தான் எழுதுவேன், படமும் நான்தான் எடுப்பேன்" என்று கிளம்பினால் கொஞ்சம் புருவத்தை உயர்த்தத்தான் தோன்றும். துருக்கியில் 2007ஆம் ஆண்டு அப்படித்தான் பலர் புருவத்தை உயர்த்தினார்கள். கிளம்பியவர் பெயர் மஹ்சுன் கிர்மிசிகுல்.

துருக்கி என்றால் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடச் சரித்திரப் பாடம்தான் நினைவுக்கு வரும். 1453இல் கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ச்சி, கிலாபத் இயக்கம், கெமால் பாஷா. அத்தோடு சரி. அந்த நாட்டில் கோடிக்கணக்கான ஜனங்கள் எதைக் கேட்டு அழுகிறார்கள், எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது நமக்கு எட்டாத சங்கதி. பிழைப்புக்காகச் சொந்த ஊரை விட்டு வேறு மாநிலத்தில் வந்து குடியேறிய நமக்கு, இந்த மனிதரின் கதையில் தெரிந்துகொள்ள நிறைய விஷயம் இருக்கிறது. ஏனென்றால் அவர் பாடிய பாட்டின் வகையே ஊரை விட்டு வந்தவர்களின் பாட்டு. அவர் எடுத்த முக்கியமான படமும் ஊரை விட்டு வந்தவர்களின் கதை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அரபெஸ்க் என்கிற அழுகைப் பாட்டு

அந்தப் பாட்டு வகைக்குப் பெயர் அரபெஸ்க். 'அரபுச் சாயல் கொண்டது' என்று அர்த்தம். பெயர் வைத்தவர்கள் பாராட்டி வைக்கவில்லை. மட்டம் தட்டத்தான் வைத்தார்கள்.

இதன் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. 1923இல் துருக்கி குடியரசானது. புதிய ஆட்சியாளர்களுக்கு நாட்டை ஐரோப்பாவைப் போல மாற்றிவிட வேண்டும் என்று ஆசை. எழுத்து மாறியது, உடை மாறியது. சங்கீதமும் மாற வேண்டாமா? பழைய ஆட்டோமன் மரபுச் சங்கீதத்தை வானொலியில் ஒலிபரப்பக் கூடாது என்று 1934இல் தடை வந்தது. 1936 வரை நீடித்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? பேசாமல் ரேடியோவைத் திருகி எகிப்தின் கெய்ரோ நிலையத்தைப் பிடித்துக்கொண்டார்கள்! 1938இல் எகிப்தியப் பாடகர் அப்துல் வஹாப் நடித்த படம் இஸ்தான்புல்லில் திரையிடப்பட்டபோது தியேட்டர் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. பிறகு அந்தப் படங்களில் அரபு மொழிப் பாட்டுக்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. துருக்கி இசையமைப்பாளர்கள் அவற்றின் இடத்தில் துருக்கி மொழிப் பாட்டுக்களைப் போட்டு ஓட்டினார்கள். அரபுச் சாயல் மெட்டு துருக்கிக்குள் நுழைந்தது இப்படித்தான்.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ராஜ் கபூரின் 'ஆவாரா' 1950களில் துருக்கியில் ஓடு ஓடு என்று ஓடியது. 1964இல் அதையே துருக்கி மொழியிலும் எடுத்தார்கள். அழவைக்கும் கதை, நடுவில் பாட்டு, ஏழைக்கு வரும் துன்பம் என்கிற சேர்க்கை அங்குள்ள ஜனங்களுக்கும் பிடித்துப்போயிற்று.

சரி, இந்தப் பாட்டுக்களைக் கேட்டவர்கள் யார்? 1950இல் இஸ்தான்புல்லின் ஜனத்தொகை சுமார் 10 இலட்சம். இன்று ஒன்றரைக் கோடிக்கும் மேல். இத்தனை பேரும் அங்கேயே பிறந்தவர்களா? இல்லை. கிழக்கிலிருந்தும், கருங்கடல் ஓரத்திலிருந்தும், நடு அனத்தோலியாவின் வறண்ட கிராமங்களிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும்தான். நகரத்தின் ஓரத்தில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் எழுப்பிக் கூரை போட்டுக்கொண்டார்கள். அந்த வீடுகளுக்கே 'கெஜெகொண்டு' என்று பெயர். 'இரவில் வந்து உட்கார்ந்தது' என்று பொருள். வேலைக்குப் போக 'தொல்முஷ்' என்கிற ஷேர் வண்டி. நம் ஊர் ஷேர் ஆட்டோ, மாக்ஸி கேப் மாதிரி ஆள் நிரம்பினால்தான் கிளம்பும். அந்த வண்டிகளில் ஓயாமல் ஒலித்தது அரபெஸ்க். படித்தவர்கள் இதைத் 'தொல்முஷ் சங்கீதம்' என்று கிண்டல் செய்தார்கள்.

1960களின் கடைசியில் ஓர்ஹான் கென்ஜெபாய் இதற்கு ஒரு உருவம் கொடுத்தார். அடுத்து ஃபெர்தி தய்ஃபூர், முஸ்லும் குர்செஸ் வந்தார்கள். உர்ஃபா என்கிற தென்கிழக்கு ஊரில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த இப்ராஹிம் தத்லிசெஸ் 1970களின் கடைசியில் நாடறிந்த பாடகரானார். முஸ்லும் குர்செஸின் கச்சேரிகளில் ரசிகர்கள் பிளேடால் தங்களையே கீறிக்கொள்ளும் அளவுக்கு வெறி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பாட்டுக்களில் திரும்பத் திரும்ப வருவது விதி, பிரிவு, அந்நியமான ஊர், கைவிட்ட காதலி. "என்ன செய்வது, நம் தலையெழுத்து" என்பதுதான் பெரும்பாலானவற்றின் சாரம். ஏன் ஊரை விட்டு வந்தோம், யார் வரவைத்தது என்ற கேள்வி மட்டும் அநேகமாக வராது.

அரசாங்கத்துக்கு ஆகாத பாட்டு

துருக்கியின் அரசு வானொலி-தொலைக்காட்சி நிறுவனம் அரபெஸ்கை ஏறக்குறைய வாசற்படி ஏறவிடவில்லை. தரம் தாழ்ந்தது, மனச்சோர்வு தருவது, அந்நியமானது என்பது காரணம். கேசட் மட்டும் இலட்சக்கணக்கில் விற்றது. பாடகர்கள் தங்கள் பாட்டின் தலைப்பையே படத்தின் தலைப்பாக வைத்து நடித்தார்கள். 1970களிலும் 1980களிலும் அந்தப் படங்கள் வீடியோ கேசட்டாக ஜெர்மனியில் வேலை செய்த துருக்கித் தொழிலாளர்களின் வீடுகள் வரைக்கும் போயின.

இதில் ஒரு நகைச்சுவையும் நடந்தது. தடுக்க முடியவில்லை என்று தெரிந்ததும் அரசாங்கம் 1989இல் 'வலியில்லாத அரபெஸ்க்' என்று ஒன்றைத் தயாரித்து வெளியிட்டது! மெட்டு அதேபோல இருக்கும், ஆனால் சோகம் இருக்காது, நம்பிக்கையூட்டும் வரிகள். காரம் எடுத்த மிளகாய் யாருக்கு வேண்டும்? எடுபடவில்லை.

1990இல் முதல் தனியார் தொலைக்காட்சி வந்தது. ஜெர்மனியிலிருந்து செயற்கைக்கோள் வழியாக ஒளிபரப்பானதால் அரசாங்கத்தால் தடுக்க முடியவில்லை. அடுத்த சில வருஷங்களில் தனியார் வானொலிகள் பெருகின. அரபெஸ்குக்கு முன்வாசல் திறந்தது. அந்த வாசல் வழியாக வந்தவர்களில் ஒருவர்தான் மஹ்சுன் கிர்மிசிகுல்.

கிழக்கிலிருந்து வந்த குரல்

இவர் பிறந்தது 1960களின் கடைசியில். இயற்பெயர் அப்துல்லா பஸென்ஜிர். கிழக்குத் துருக்கியின் பிங்கோல், தியார்பகிர் வட்டாரத்து ஜாஜா இனக் குடும்பம். ஜாஜாக்கள் பேசுவது ஜாஜாகி என்ற மொழி. பொதுவாகக் குர்து மக்களோடு சேர்த்தே இவர்களைச் சொல்வது வழக்கம். 'கிர்மிசிகுல்' என்பது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். சிவப்பு ரோஜா என்று அர்த்தம்.

சிறு வயதிலேயே பாடத் தொடங்கியவர், இஸ்தான்புல் வந்து உன்காபானி என்ற இடத்தில் கால் பதித்தார். அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் முழுக்க கேசட் கம்பெனிகள். கோடம்பாக்கத்தில் வாய்ப்புத் தேடி அலைந்தவர்களைப் போல, அனத்தோலியாவின் மூலைமுடுக்கிலிருந்து பாட வந்த இளைஞர்கள் உன்காபானியின் படிக்கட்டுகளில் ஏறி இறங்குவார்கள். 1990களின் முதற்பாதியில் 'பிரெஸ்திஜ்' என்ற கம்பெனி வெளியிட்ட 'ஆலெம் புய்சா' என்ற ஆல்பம் இவரை உச்சத்துக்குக் கொண்டுபோனது. பின்னர் 'யிகில்மதிம்' போன்ற பாட்டுக்கள். 'நான் இடிந்து விழவில்லை' என்று அதற்குப் பொருள். தொலைக்காட்சித் தொடர்களிலும் நடித்தார். 2005இல் வந்த 'அஷ்கா சுர்குன்' அவற்றில் ஒன்று.

இவர் பாடிப் புகழ்பெற்ற அதே 1990களில், இவர் பிறந்த வட்டாரத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

1984இல் குர்து கிளர்ச்சி இயக்கமான பி.கே.கே. ஆயுதம் ஏந்தியது. 1987 முதல் 2002 வரை தென்கிழக்கு மாகாணங்களில் அவசரநிலை ஆட்சி. கிராமத்தார் அரசாங்கத்தின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு 'கிராமக் காவலர்' ஆக வேண்டும்; மறுத்தால் கிளர்ச்சிக்காரனுக்கு உதவி செய்கிறவன் என்ற சந்தேகம். காவலரானாலோ மறுபக்கத்திலிருந்து ஆபத்து. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி! மலைக்கிராமங்கள் ஒவ்வொன்றாகக் காலி செய்யப்பட்டன. 1998இல் துருக்கி நாடாளுமன்றக் குழு தந்த கணக்குப்படி சுமார் 3,400 கிராமங்களும் குக்கிராமங்களும் காலியாகி, ஏறக்குறைய 3,78,000 பேர் வெளியேறியிருந்தார்கள். அங்காராவின் ஹஜெத்தெபெ பல்கலைக்கழகம் 2006இல் செய்த ஆய்வு, வெளியேறியவர்கள் ஒன்பதரை இலட்சத்திலிருந்து பன்னிரண்டு இலட்சம் வரை இருக்கும் என்றது. வீடுகளைப் பாதுகாப்புப் படையினரே எரித்தார்கள் என்று தியார்பகிர் மாகாணத்துக் கிராமத்தார் சிலர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு 1996இல் ஜெயித்ததும் உண்டு.

இவர்கள் மொழிக்கும் கதி அதுதான். 1983இல் வந்த ஒரு சட்டம், பெயர் சொல்லாமலே குர்து மொழியில் எதையும் வெளியிடுவதைத் தடுத்தது. 1991இல்தான் அது நீங்கியது. சட்டம் போனாலும் பயம் போகவில்லை. 1999 பிப்ரவரியில் அஹ்மத் கயா என்ற பெரும் புகழ் பெற்ற பாடகர், ஒரு விருது விழாவில் "அடுத்த ஆல்பத்தில் குர்து மொழியில் ஒரு பாட்டுப் பாடப் போகிறேன்" என்று சொன்னார். அவ்வளவுதான். சபையிலிருந்த பிரபலங்கள் அவர்மேல் முள்கரண்டியை வீசினார்கள். வழக்குகள் பாய்ந்தன. நாட்டை விட்டுப் போனவர் 2000 நவம்பரில் பாரிஸில் காலமானார். வயது 43.

இந்தச் சூழ்நிலையில் கிழக்கிலிருந்து வந்த ஒரு பாடகர் எதைப் பாடலாம், எதைப் பாடக்கூடாது என்பதை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. "விதி" என்று பாடலாம். "ஊர்" என்று ஏங்கலாம். அந்த ஊர் ஏன் காலியானது என்று மட்டும் சொல்ல முடியாது.

முதல் படம்: முதியோர் இல்லம்

2007இல் வந்த 'பெயாஸ் மெலெக்' (வெள்ளைத் தேவதை) இவர் எழுதி இயக்கிய முதல் படம். கிழக்குக் கிராமத்துப் பெரியவர் ஒருவரை மகன்கள் சிகிச்சைக்காக இஸ்தான்புல்லுக்கு அழைத்து வருகிறார்கள். அவர் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பி, எப்படியோ ஒரு முதியோர் இல்லத்தில் போய்ச் சேருகிறார். பெற்றவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போக ஒரு இடம் இருக்கிறதென்பதே அவருக்குப் புரியாத விஷயம். "பிள்ளைகள் இல்லையா உங்களுக்கு?" என்று கேட்கிற ரகம். பிறகு அந்த இல்லத்துக் கிழவர், கிழவிகள் அவருடைய ஊருக்கே புறப்படுகிறார்கள். யில்திஸ் கென்தெர் போன்ற நாடக மேடையின் மூத்த கலைஞர்கள் இதில் நடித்தார்கள். மகன்களில் ஒருவராக மஹ்சுனும் நடித்தார்.

விமரிசகர்கள் "அழவைக்கிறார், அரபெஸ்க் பாட்டையே படமாக எடுத்துவிட்டார்" என்றார்கள். ஜனங்கள் சுமார் 20 இலட்சம் பேர் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். துருக்கி சினிமா 1990களின் முதற்பாதியில் படுத்த படுக்கையாகி, 1996இல் 'எஷ்கியா' என்ற படத்தின் பெருவெற்றிக்குப் பிறகுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது. அந்த நிலையில் இது சின்னத் தொகையில்லை.

இரண்டாம் படம்: காலி செய்யப்பட்ட ஊர்

2009இல் வந்த 'குனேஷி கோர்தும்' (சூரியனைப் பார்த்தேன்) தான் இந்த மனிதரின் வாழ்க்கையில் திருப்பம். எல்லையோர மலைக்கிராமம். சண்டை நடக்கும் இடம். ஒரு தகப்பனுக்கு இரண்டு மகன்கள்: ஒருவன் மலையில் கிளர்ச்சிக்காரனோடு, இன்னொருவன் துருக்கி இராணுவத்தில் சிப்பாய். "இங்கே இருக்க முடியாது, காலி செய்யுங்கள்" என்று உத்தரவு வருகிறது. குடும்பம் இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை திருட்டுவழியாக நார்வேக்குப் போகப் பார்க்கிறது. இன்னொரு கிளை இஸ்தான்புல்லுக்கு வருகிறது.

இஸ்தான்புல் கிளையின் தலைவன் ரமஸான். அந்த வேஷத்தில் மஹ்சுனே நடித்தார். வரிசையாகப் பெண் குழந்தைகள். கடைசியில் தவமிருந்து பெற்றதுபோல ஒரு ஆண் குழந்தை. கிராமத்தில் வாஷிங் மெஷினையே கண்டிராத சிறுமிகள், பெரியவர்கள் இல்லாத நேரத்தில், தம்பியைக் குளிப்பாட்டுவதாக நினைத்துக்கொண்டு அந்த மெஷினுக்குள் வைத்துவிடுகிறார்கள். குழந்தை இறந்துபோகிறது. பார்த்தவர்கள் வருஷக்கணக்கில் மறக்காத காட்சி அது. அரசாங்கம் வந்து அந்தப் பெண் பிள்ளைகளையும் தகப்பனிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ரமஸானின் தம்பிகளில் ஒருவன் நகரத்தில் திருநங்கைகளோடு சேர்ந்து தன் இயல்புப்படி வாழத் தொடங்குகிறான். சொந்த அண்ணனே 'குடும்ப மானம்' என்று சொல்லிக் கொன்றுவிடுகிறான்.

"என்னப்பா இது, ஒரே படத்தில் இத்தனை சாவா?" என்று கேட்கத் தோன்றும். கேட்டார்கள். ஆனால் நான் முன்னே சொன்ன வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அரபெஸ்க் பாட்டில் ஒரு மனிதன் அழுதால் போதும். கேட்பவன் தன் சொந்தக் காரணத்தை அதில் வைத்து அழுதுகொள்வான். மூன்று, நாலு நிமிஷத்தில் முடிந்துவிடும். சினிமாவில் அது நடக்காது. ஒரு குடும்பம் லாரியில் சாமான் ஏற்றுகிறது என்று காட்டினால், "ஏன் ஏற்றுகிறார்கள்? யார் போகச் சொன்னது?" என்று பார்ப்பவன் கேட்பான். பதில் சொல்லியாக வேண்டும். பாட்டில் 'விதி' என்று இருந்த இடத்தில் படத்தில் இராணுவ உத்தரவு வருகிறது, கண்ணிவெடி வருகிறது, வேலையில்லாத நகரம் வருகிறது, தம்பியைக் கொல்லச் சொல்லும் ஊர்ப்பேச்சு வருகிறது. பதினைந்து வருஷம் பாட்டில் அழுத ஒருவர், அழுகைக்கு என்ன காரணம் என்று சபையில் சொல்ல வேண்டிய கட்டாயத்துக்கு சினிமா அவரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

அந்த வருஷமும் பொருத்தமாக அமைந்தது. 2009 ஜனவரி முதல் தேதியில்தான் துருக்கி அரசுத் தொலைக்காட்சியே குர்து மொழியில் ஒரு சேனல் தொடங்கியது. அதே வருஷக் கோடையில் குர்து பிரச்சினைக்குத் தீர்வு காணப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. நடுவில் வந்த இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கிட்டத்தட்ட 25 இலட்சம் பேர். துருக்கி தன் சார்பில் அந்த வருஷ ஆஸ்கார் போட்டிக்கும் இதையே அனுப்பியது. பரிசுப் பட்டியலுக்குள் வரவில்லை என்றாலும், காலி செய்யப்பட்ட ஒரு கிராமத்தின் கதையை நாட்டின் பெயரில் அனுப்பியதே யோசிக்க வேண்டிய விஷயம். குர்து இயக்குநர் யில்மஸ் குனேய் சிறையிலிருந்தபடியே உருவாக்கிய 'யோல்' 1982இல் கான் விழாவில் உயர்ந்த பரிசைப் பகிர்ந்துகொண்டபோது, அது அவருடைய சொந்த நாட்டில் தடை செய்யப்பட்டிருந்தது. 1999 வரை அங்கே காட்ட முடியவில்லை.

அடுத்தடுத்து

2010இல் 'நியூயார்க்தா பெஷ் மினாரே' (நியூயார்க்கில் ஐந்து மினார்கள்). பித்லிஸ் என்ற கிழக்கு நகரத்தைப் பற்றிய பழைய நாட்டுப்பாட்டின் தலைப்பை லேசாகத் திருப்பி வைத்த பெயர். மதத் தீவிரவாதி என்று தேடப்படும் ஒரு பெரியவரைப் பிடித்துவர இரண்டு துருக்கிப் போலீஸ்காரர்கள் அமெரிக்கா போகிறார்கள். பெரியவராக ஹலுக் பில்கினெர் நடித்தார். ஹாலிவுட் நடிகர் டேனி குளோவரும் இருந்தார். சர்வதேசத் தீவிரவாதம் என்று ஆரம்பிக்கிற கதை, போகப் போக ஊர்ப்பகை, பழிக்குப் பழி என்ற பழைய வியாதியில் போய் நிற்கிறது. 2011இல் தொலைக்காட்சிக்காக 'ஹயாத் தேவாம் எதியோர்' என்ற தொடர். பதினைந்து வயதுப் பெண்ணை எழுபது வயதுக் கிழவருக்குக் கட்டிவைக்கும் கொடுமை அதன் கரு.

2015 புத்தாண்டு நாளில் 'முஜிஸே' (அற்புதம்) வந்தது. 1960களின் ஆரம்பத்தில், மேற்கிலிருந்து ஒரு வாத்தியார் கிழக்கு மலைக்கிராமத்துக்கு மாற்றலாகி வருகிறார். வந்து பார்த்தால் பள்ளிக்கூடமே இல்லை! ஊர்க்காரர்களோடு சேர்ந்து கட்டுகிறார். அந்த ஊரில் அஸீஸ் என்று ஒரு உடல் ஊனமுற்ற இளைஞன். பேச்சும் சரியாக வராது, பிள்ளைகள் கல்லெறிந்து கேலி செய்வார்கள். வாத்தியார் அவனையும் வகுப்பில் உட்காரவைக்கிறார். கொடுத்த வாக்குக்காக அவனுக்கு மிஸ்கின் என்ற அழகான பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். ஊரின் கேலி தாங்காமல் அவள் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேறிவிடுகிறாள். வருஷங்கள் கழித்து இருவரும் திரும்பி வரும்போது ஊரே வாயடைத்து நிற்கிறது. 35 இலட்சம் பேருக்கும் மேல் பார்த்த படம். 2019இல் இதன் இரண்டாம் பாகமும் வந்தது.

சுற்றிச் சுற்றி 2023இல் தன் ஆரம்பத்துக்கே வந்தார். 'பிரெஸ்திஜ் மெசெலெசி' என்ற படம், தனக்கு வாழ்வு கொடுத்த அந்தக் கேசட் கம்பெனியையும் அதை நடத்திய ஹில்மி தொபால்ஓலுவையும் பற்றியது. கேசட்டும் போயிற்று, உன்காபானியின் ஜொலிப்பும் போயிற்று. அந்தக் காலத்தைப் படமாக எழுதி வைக்க ஒரு பாடகர் இயக்குநராக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

குறையும் உண்டு

சும்மா புகழ்ந்துவிட்டுப் போவது நியாயமில்லை. இவருடைய படங்களில் பிரசங்கம் அதிகம். ஒரு பாத்திரம் நின்று இயக்குநரின் கருத்தை வாய்விட்டுச் சொல்லிவிடும். பின்னணி இசை விடாமல் துரத்தும். கண்ணீர் வருகிற இடத்தில் இன்னும் ஒரு சொம்பு ஊற்றுவார். இராணுவம் ஒரு பக்கம், கிளர்ச்சிக்காரர் ஒரு பக்கம், இருவருக்கும் நடுவில் சரிசமமாக நின்றுகொண்டு "எல்லாரும் சகோதரர்கள்" என்று சொல்லிவிடுகிறார் என்ற குறையும் உண்டு. வீட்டை எரித்தவனையும் எரிந்த வீட்டுக்காரனையும் ஒரே தராசில் வைப்பது சமாதானமா என்ற கேள்வி நியாயமானதே.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. 'சூரியனைப் பார்த்தேன்' படத்தில் அந்த மலைக்கிராமத்துக் குர்து குடும்பம் வீட்டுக்குள் பேசுவது துருக்கி மொழி. கிழக்கத்தி இழுவை இருக்கும். மொழி என்னவோ துருக்கிதான்.  தியேட்டரில் எல்லாருக்கும் புரிய வேண்டும், இலட்சக்கணக்கான துருக்கியர் வந்து பார்க்க வேண்டும் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அந்தக் கணக்கு பொய்யில்லை. குர்து மொழியில் எடுத்திருந்தால் அந்த 25 இலட்சம் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஆனாலும் ஊரைப் பறிகொடுத்ததைச் சொன்ன படம், மொழியைப் பறிகொடுத்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டது. அஹ்மத் கயா ஒரு பாட்டுக்காகக் கொடுத்த விலையை நினைத்துப் பார்த்தால், ஏன் விட்டார் என்று புரியாமலும் இல்லை.

நமக்கு என்ன?

'ஹெம்ஷெஹ்ரி' என்று துருக்கியில் ஒரு வார்த்தை உண்டு. ஒரே ஊர்க்காரர், நம்மூர்க்காரர் என்று அர்த்தம். இஸ்தான்புல்லில் ஒவ்வொரு மாவட்டத்துக்காரருக்கும் ஒரு ஹெம்ஷெஹ்ரி சங்கம் இருக்கிறது. வாடகை ரூம், நாலு நாற்காலி, டீ, சுவரில் ஊர்ப் படம். வேலை வேண்டுமா, பெண் பார்க்க வேண்டுமா, இறந்தவரின் உடலை ஊருக்கு அனுப்ப வேண்டுமா, சங்கத்துக்குத்தான் வருவார்கள். படிக்கும்போதே நமக்கு எல்லாம் தெரிந்த கதை மாதிரி இருக்கிறதல்லவா? ஆனால் வெளிமாநிலத்தில் இருந்தாலும் நாம் சங்கத்தில் தமிழில் பேசலாம், தமிழில் பாடலாம், இப்படி மலரும் போடலாம். போலீஸ் வராது. 1980களில் இஸ்தான்புல்லில் கூடிய ஒரு குர்து குடும்பத்துக்கு இது கிடையாது. அதனால்தான் அவர்கள் ஏக்கமெல்லாம் இன்னொரு மொழியின் அழுகைப் பாட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது.

2025 மே மாதத்தில் பி.கே.கே. இயக்கம் ஆயுதப் போராட்டத்தை முடித்து, தன்னைக் கலைத்துக்கொள்வதாக அறிவித்தது. நாற்பது வருஷத்துக்கும் மேலான சண்டை. காலி செய்யப்பட்ட ஊர்களுக்கு எத்தனை பேர் திரும்புவார்கள்? நகரத்தில் பிறந்து வளர்ந்த பேரப் பிள்ளைகளுக்கு அந்த ஊர் தாத்தா சொன்ன கதை மட்டும்தான். தாத்தா சொல்ல மறந்ததும், சொல்லப் பயந்ததும் ஓரளவுக்காவது இந்தப் பாடகரின் படங்களில் பதிவாகியிருக்கிறது.

துருக்கிப் படங்கள் இப்போதெல்லாம் சப்-டைட்டிலோடு கிடைக்கின்றன. வாய்ப்பு வந்தால் 'முஜிஸே'வை முதலில் பாருங்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு 'சூரியனைப் பார்த்தேன்' பாருங்கள். குடும்பம் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் கட்டத்தில், அவர்கள் எதையெல்லாம் வண்டியில் ஏற்றுகிறார்கள் என்பதைக் கவனிப்பதோடு, எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள்.